நோட்கெல்ட் சேகரிக்கத் தொடங்குபவருக்கு: படத்துக்கு முன் தேதியைப் பாருங்கள்

முதல் உலகப் போர் மூண்ட 1914 ஆகஸ்டிலிருந்து 1923 முடியும் வரை ஜெர்மனியில் நகராட்சி, ஊராட்சி, மாவட்ட நிர்வாகம், சேமிப்பு வங்கி, தொழிற்சாலை என்று ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் பெயரிலேயே பணத்தாள் அச்சிட்டார்கள். அதற்குப் பெயர் நோட்கெல்ட். இதிலுள்ள ‘நோட்’டுக்கும் நம் ரூபாய் நோட்டுக்கும் உறவில்லை. ஜெர்மன் மொழியில் ‘நோட்’ என்றால் நெருக்கடி, ‘கெல்ட்’ என்றால் பணம். மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் போதிய காசும் தாளும் தர முடியாமல் போனபோது உள்ளூர்க்காரர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

புதிதாகச் சேர்ப்பவர்களை முதலில் இழுப்பது படம். எலிப்பிடிக்காரன், சூனியக்காரி, கோட்டை, ஊர்க்கதை என்று ஐந்தாறு வண்ணத்தில் அச்சான தாள்கள் மலிவாகவும் கிடைக்கின்றன. அழகைப் பார்த்தே வாங்கினால் ஆறு மாதத்தில் ஆல்பம் நிறைந்துவிடும், உள்ளே இருப்பது என்னவென்று மட்டும் தெரியாது. ஒரு தாளைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதைக் கொடுத்து யாராவது ரொட்டி வாங்கியிருப்பார்களா, அல்லது சேகரிப்பவரிடம் விற்கவென்றே அச்சடித்ததா? விடை பெரும்பாலும் தேதியில் இருக்கிறது. விலை என்ன, அழுக்கும் மடிப்பும் இருக்கலாமா, எந்த வகைப் போலிக்கு அஞ்ச வேண்டும் என்பதெல்லாம் அந்த விடையிலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

1914-ம் ஆண்டுத் தாள்கள் தனி இனம். போர் என்றதும் மக்கள் வெள்ளிக் காசைப் பதுக்கினார்கள். ஆகஸ்ட் 4-ல் வந்த சட்டத்தால் தாளைக் கொடுத்துத் தங்கம் வாங்கும் உரிமையும் நின்றது. கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. கிழக்குப் பிரஷ்யா, போசன், சைலீசியா, அல்சாஸ் போன்ற எல்லைப் பகுதிகளிலும் தொழில் நகரங்களிலும் உள்ளூர் நிர்வாகங்கள் 50 பென்னிக், 1, 2, 3, 5 மார்க் மதிப்பில் தாள் போட்டன (நூறு பென்னிக் ஒரு மார்க்). ஊர் அச்சகத்தில் கைவசமிருந்த ஈய எழுத்தைக் கோத்து, கிடைத்த தாளிலோ அட்டையிலோ அடித்து, அலுவலக முத்திரை குத்தி, அதிகாரி மையால் கையெழுத்திட்டுக் கொடுத்தது. படம் ஏதும் இருக்காது. அதே ஆகஸ்டில் அரசே 1, 2 மார்க் தாள்களை வெளியிட்டதால் இந்தத் தேவை சீக்கிரமே தணிந்தது. மக்கள் ஊர்த்தாளைத் திருப்பிக் கொடுத்து நல்ல பணமாக மாற்றிக்கொண்டார்கள். இன்று இவை குறைவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

அடுத்தது 1916 முதல் வந்த சில்லறைத் தாள்கள். நிக்கலும் செம்பும் போருக்குப் போயின. காசு இரும்பிலும் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் அடிக்கப்பட்டது, அதுவும் போதவில்லை. அதனால் 5, 10, 25, 50 பென்னிக்குக்கு உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு தாள்கள் வந்தன. இவற்றை க்ளைன்கெல்ட்ஷைன் என்பார்கள். கடை, டிராம், பால்காரர் என்று கைமாறியவை. மடிப்பும் கறையும் இவற்றுக்கு இயல்பு. வடிவம் எளிமை: ஊர்ச் சின்னம், எண், காலக்கெடு, கையெழுத்து.

1918 இலையுதிர் காலத்தில் நெருக்கடி மேலே ஏறியது. ரைக்ஸ்பாங்கின் அச்சகங்களால் ஈடுகொடுக்க முடியாமல், பெரிய மதிப்புத் தாள்களை நகரங்களும் மாவட்டங்களும் வெளியிட வங்கியே கேட்டுக்கொண்டது. 5, 10, 20, 50 மார்க் தாள்கள் இவை, பெயர் க்ரோஸ்கெல்ட்ஷைன். உண்மையான பணமென்பதால், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி, வரிசை எண், நுண்கோட்டு அலங்காரம் எல்லாம் கொண்டவை. திரும்பி வந்தவற்றைத் துளையிட்டோ முத்திரையிட்டோ செல்லாததாக்கினார்கள். அப்படித் துளையுடன் கிடைப்பது சேதம் ஆகாது, ஆனால் துளையில்லாததைவிட விலை குறைவு.

பிறகு 1920 முதல் 1922 வரை வந்தது படப்பட்டாளம்: சீரியன்ஷைன், தொகுப்புத் தாள்கள். ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டிருந்தார்கள். சேகரிப்பவர் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் அந்தத் தாள் பணமாக மாற்றக் கேட்டுத் திரும்பி வராது. அச்சுச் செலவு போக மிச்சமெல்லாம் ஊருக்கு லாபம். ஆகவே ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று தொடர்படங்களாக அச்சிட்டு உறையில் போட்டு விற்றார்கள். சில தாள்களின் காலக்கெடு விற்பனைக்கு வரும்போதே முடிந்திருந்தது. இந்த வகையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் 75 பென்னிக் என்ற மதிப்பு. பேரரசு காலத்தில் 1, 2, 5, 10, 20, 25, 50 பென்னிக் காசுகள் இருந்தன. 75 பென்னிக்குக்குக் காசே இருந்ததில்லை. 1922 ஜூலை 17-ம் தேதிச் சட்டம் இந்த விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

அந்த இலையுதிர் காலத்திலேயே பணவீக்கம் ஊர்களை மறுபடியும் அச்சகத்துக்குத் துரத்தியது. 1922 செப்டம்பர் வாக்கில் 100, 500, 1000 மார்க். 1923 ஆகஸ்டில் லட்சங்கள். நவம்பரில் லட்சம் கோடிகள். 1923-ல் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தாள் வெளியிட்டார்கள். அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சானவை ஏராளம். பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். பழைய தாளின்மேல் புதிய மதிப்பைச் சிவப்பில் அடித்ததும் உண்டு. இதே ஆண்டின் கடைசி மாதங்களில், தங்கத்தோடு மதிப்பைப் பிணைத்த தங்க மார்க்கிலும் டாலரிலும் மதிப்புக் குறித்த தாள்களும் வந்தன. 4.20 தங்க மார்க் ஒரு டாலர் என்ற கணக்கு; ‘42 கோல்ட்பென்னிக்’ என்று பார்த்தால் அது டாலரில் பத்தில் ஒரு பங்கு.

இந்த வரலாற்றிலிருந்து சேகரிப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு விதி. முழு மதிப்புக்குத் திருப்பி வாங்கப்பட்ட தாள் இன்று அரிது. திருப்பிக் கொடுத்தும் பயனில்லாமல் போன தாள் இன்று மலிவு. 1914-ம் ஆண்டின் 1 மார்க்கும் 1923-ன் தங்க மார்க்கும் கிடைப்பது கடினம். 1923-ன் 50 லட்சம் மார்க் தாளோ, நாணயம் மாறியபோது லட்சம் கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் காலணாவும் பெறாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. தாளில் எத்தனை சுழி இருக்கிறது என்பதற்கும் இன்றைய விலைக்கும் தொடர்பே இல்லை. இணையத்தில் ‘நூறு கோடி மார்க்!’ என்று கூவி விற்பவர் இந்த விதி உங்களுக்குத் தெரியாது என்று நம்பி விற்கிறார்.

இரண்டாம் படி: தாளை வாசிக்கப் பழகுங்கள்

ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. முப்பது சொல்லும் பழைய எழுத்துவடிவமும் போதும். முட்டுக்கட்டை அந்த எழுத்துதான். ஃப்ராக்டூர் என்னும் கோண எழுத்தில் சொல்லின் நடுவே வரும் எஸ், எஃப் போலத் தெரியும். சிறிய கே-யை டி என்று வாசித்துவிடுவோம். பெரிய ஏ, யு மாதிரி இருக்கும். பெரிய பி-யும் வி-யும் இரட்டைப் பிள்ளைகள். பெரிய ஐ-க்கும் ஜே-க்கும் ஒரே வடிவம். ஊர்ப் பெயரை இரண்டு மூன்று விதமாக வாசித்துப் பார்த்து, வரைபடத்தில் எது உண்மையில் இருக்கிறதென்று தேடுங்கள். ஓர் அட்டையில் ஃப்ராக்டூர் எழுத்து முழுவதையும் அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டால் இரண்டே வாரத்தில் பழகிவிடும்.

வாசிக்கும் வரிசை இது. முதலில் வெளியிட்டவர் யார்: ‘ஸ்டாட்’ என்றால் நகரம், ‘கெமைண்டே’ என்றால் கிராமம் அல்லது ஊராட்சி, ‘க்ரைஸ்’ என்றால் மாவட்டம், ‘ஷ்பார்காசே’ சேமிப்பு வங்கி. ‘மாகிஸ்ட்ராட்’ நகர மன்றம், ‘ப்யூர்கர்மைஸ்டர்’ நகரத் தலைவர். இவை கையெழுத்துக்கு மேல் வரும். பிறகு என்ன பெயரில்: ‘குட்ஷைன்’ என்றால் பணத்துக்கு ஈடான சீட்டு, ‘நோட்கெல்ட்’, ‘க்ரீக்ஸ்கெல்ட்’ என்றால் போர்க்காலப் பணம். ‘நோட்கெல்ட்’ என்ற சொல்லே இல்லாத உண்மையான நோட்கெல்ட் நிறைய உண்டு, அதனால் ‘குட்ஷைன்’ என்று மட்டும் இருப்பதை ஒதுக்காதீர்கள். அடுத்து ‘கூல்டிக் பிஸ்’ என்று தொடங்கும் வரி, அதாவது இதுவரை செல்லும். அச்சான தேதியையும் இந்தத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நியாயமான இடைவெளி இருந்தால் அது பணமாகப் புழங்கியிருக்கும். ‘முஸ்டர்’ மாதிரித் தாள். ‘எண்ட்வெர்ட்டெட்’, ‘உன்கூல்டிக்’ இரண்டும் செல்லாததாக்கியதைச் சொல்பவை. ‘நாக்ட்ருக்’ மறுபதிப்பு, அது எங்கேயாவது பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய எண்களில் ஆங்கிலக் கணக்கு உங்களைக் கவிழ்க்கும். ஜெர்மன் ‘மில்லியோன்’ பத்து லட்சம். ‘மில்லியார்டே’ நூறு கோடி. ‘பில்லியோன்’ என்பது ஆங்கிலப் பில்லியன் போல் நூறு கோடி ஆகாது. அது லட்சம் கோடி. பட்டியலில் இதைத் தப்பாக எழுதினால் தாளின் மதிப்பு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும்.

ஊர்ப் பெயர்களில் பொறிகள் ஏராளம். நொய்ஷ்டாட் என்றால் புதுநகரம். நம் புதுப்பட்டிகள் போல அந்தப் பெயரில் எத்தனையோ ஊர். அதனால் பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கத்தை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஆற்றின் கரை, எந்த மாநிலம் என்று அது சொல்லும். மைன் கரை ஃப்ராங்ஃபர்ட் வேறு, ஓடர் கரை ஃப்ராங்ஃபர்ட் வேறு. துரிங்கியாவின் ம்யூல்ஹவுசனுக்கும் அல்சாஸின் ம்யூல்ஹவுசனுக்கும் எழுத்தில் ஒரே ஒரு ‘ஹெச்’ வித்தியாசம். அல்சாஸ் ஊர் இன்று பிரான்சில் முலூஸ். எல்லை மாறிப்போன ஊர்கள் இப்படிப் பல. ப்ரெஸ்லாவ் இன்று போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப், மேமல் இன்று லித்துவேனியாவின் க்ளைபேடா, டொண்டர்ன் இன்று டென்மார்க்கில். பட்டியலில் பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் எழுதுங்கள். விலைப்பட்டியல்கள் பழைய பெயரில் அகரவரிசையில் இருக்கும். வரைபடம் புதிய பெயரில் இருக்கும்.

கடைசியாக ஓரங்களைப் பாருங்கள். கீழ் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். க்ளோகாவ் நகரின் ஃப்ளெமிங்-விஸ்காட், ஹனோவரின் கோனிக்-எப்ஹார்ட், லைப்சிக்கின் கீசெக்கே-டெவ்ரியன்ட் ஆகிய பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படும். ஒரே ஊர், ஒரே தேதி, ஒரே படம், ஆனால் அச்சகம் வேறு என்றால் அது தனி வகை.

மூன்றாம் படி: எல்லையைக் குறுக்குங்கள்

எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. ஆர்னால்ட் கெல்லர் என்ற வேதியியலர் வாழ்நாள் முழுவதும் நோட்கெல்ட் சேர்த்து, பட்டியல்களும் வெளியிட்டார். அவர் திரட்டிய இரண்டு லட்சத்தை நெருங்கும் தாள்கள் பின்னர் ஜெர்மன் மத்திய வங்கியான புண்டெஸ்பாங்கிடம் போய்ச் சேர்ந்தன. அவரிடமே எல்லாம் இருந்ததில்லை.

தொடக்கத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது வட ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் வெளிவந்த ராய்ட்டர்கெல்ட். 70 ஊர்கள் ஒரே திட்டத்தில் சேர்ந்து 10, 25, 50 பென்னிக் என்று ஊருக்கு மூன்று தாள் வெளியிட்டன. வட்டார மொழி எழுத்தாளர் ஃப்ரிட்ஸ் ராய்ட்டரின் நினைவாக அந்தப் பெயர். மொத்தம் 210 தாள். எது வேண்டும், எது குறைகிறது என்பதில் குழப்பமே இல்லை. பெரும்பாலானவை மலிவு. தொகுப்புத் தாளின் தந்திரமெல்லாம் இதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கலையில் ஈடுபாடு உள்ளவருக்கு வேறு வழிகள். நௌம்பர்க் நகரின் செர்ரித் திருவிழாத் தொகுப்புக்கு வால்ட்டர் ஹேகே வரைந்த கறுப்பு நிழலுருவங்கள் இருக்கின்றன. ஹாமல்ன் ஊர் தன் ஊர்க்கதையின் நாயகனான எலிப்பிடிக்காரனைத் தாளில் ஏற்றியது. துரிங்கியா மாநில வங்கிக்காக 1923-ல் 10 லட்சம், 20 லட்சம் மார்க் தாள்களை வடிவமைத்தவர் பௌஹௌஸ் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியின் மாணவர் ஹெர்பர்ட் பாயர். அலங்காரமே இல்லாமல் எழுத்தையும் கட்டங்களையும் மட்டும் நம்பிய தாள்கள் அவை. பீலஃபெல்ட் சேமிப்பு வங்கி பட்டிலும் லினனிலும் அச்சிட்டது. பட்டுத் தாள் விலை கூடியது. ஓரம் பிரிந்துவிடும், வெயிலில் நிறம் போய்விடும். முதல் ஆண்டில் அதைத் தொட வேண்டாம்.

உண்மையான போர்க்காலப் பணமே வேண்டும் என்பவர் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்து, 1914 முதல் 1919 வரை அங்கே வெளியானதை மட்டும் தேடட்டும். இது மெதுவாக நடக்கும் வேலை. ஆனால் ஒரு சிற்றூர் போரை எப்படிச் சமாளித்தது என்பது தாள் தாளாகக் கண்முன் விரியும். இந்தத் துறையின் உண்மையான செல்வம் இங்கேதான் இருக்கிறது, படத்தொகுப்பில் இல்லை என்பது எங்கள் கருத்து.

நான்காம் படி: கருவிகளும் பட்டியலும்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், நுனி தட்டையான ஸ்டாம்ப் இடுக்கி, மென்மையான பென்சில். இவ்வளவுதான். மலிவான 395 நானோமீட்டர் டார்ச் வேண்டாம். அதன் ஊதா வெளிச்சம் எந்தத் தாளையும் நீலமாகக் காட்டிவிடும். நீர்க்குறி பார்க்கக் கைப்பேசித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, சுத்தமான பிளாஸ்டிக் உறையில் தாளை இட்டு அதன்மேல் வைத்தால் போதும். சூடான பல்பின் அருகே கொண்டுபோகக் கூடாது.

பட்டியல் நூல் இல்லாமல் இந்தத் துறையில் நடப்பது இருட்டில் நடப்பது. படத்தொகுப்புகளுக்கு க்ராபோவ்ஸ்கி, மேல் (Mehl) என்ற இருவர் எழுதிய பட்டியல், சில்லறைத் தாள்களுக்கு க்ராபோவ்ஸ்கியின் பட்டியல், 1923-க்குக் கெல்லரின் பட்டியல் என்பது விற்பவரும் வாங்குபவரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். ஜெர்மன் மொழியில்தான் இருக்கின்றன. ஆனாலும் எண்ணும் ஊரும் மதிப்பும்தான் பக்கம் முழுவதும் என்பதால் தடுமாற மாட்டீர்கள். வாங்கும்போது பட்டியல் எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தெரியாத விற்பனையாளர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அவருடைய ‘அரிது’ என்ற சொல்லுக்கு எடையில்லை.

பட்டியல்கள் வகையைப் பிரிப்பது நுணுக்கமான அடையாளங்களால்: நீர்க்குறியின் வடிவம் அலையா, சாய்சதுரமா, வரிசை எண்ணின் உயரம் எத்தனை மில்லிமீட்டர், நிறம் கறுப்பா சிவப்பா, எண்ணுக்குமுன் நட்சத்திரம் உண்டா. ஒரே தோற்றமுள்ள இரண்டு தாள்களில் ஒன்றின் விலை இன்னொன்றைப்போல் பல மடங்கு இருக்கலாம். அதனால் ‘இதுதான் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று இரட்டைத் தாளை விற்றுவிடும்முன் அளந்து பாருங்கள்.

ஐந்தாம் படி: வாங்குவது

பெரும்பாலான தொகுப்புத் தாள்களும் 1923-ன் சாதாரணத் தாள்களும் சில யூரோக்களுக்குள் கிடைப்பவை. தாளைவிடத் தபால் செலவு கூடுதல் என்பதுதான் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வாங்குபவரின் தலைவலி. ஒரே விற்பனையாளரிடம் இருபது முப்பது தாளைச் சேர்த்துத் தேர்ந்து, ஒரே பதிவுத் தபாலில் வாங்குங்கள். தாள்களை விறைப்பான இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, அட்டையில் நேரடியாக டேப் ஒட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள். சுங்கப் படிவத்தில் உண்மையான விலையை எழுதச் சொல்வதும், ரசீதைப் பாதுகாப்பதும் பின்னால் உங்களுக்குத்தான் நல்லது.

‘கொன்வொலூட்’ என்று போட்டிருந்தால் குவியல் விற்பனை. நூறு தாள் என்றால் நூறும் வேறு வேறா என்று கேளுங்கள். வேறு வேறு என்பதற்கு ‘ஃபெர்ஷீடெனெ’ என்ற சொல் இருக்கும். ஆஸ்திரியாவின் 1920-ம் ஆண்டு ஊர்த்தாள்கள் அதில் அடிக்கடி கலந்து வரும். மதிப்பு ‘ஹெல்லர்’ என்று இருந்தால் அது ஆஸ்திரியா. கெட்டது ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் தேடியது அதுவாக இருக்காது. தொகுப்பு என்று விற்றால் மொத்தம் எத்தனை தாள் இருக்க வேண்டும் என்பதைப் பட்டியலில் பார்த்துவிட்டு எண்ணுங்கள். ஆறு தாளில் ஐந்தை விற்று, ஆறாவதைத் தனியே கூடுதல் விலைக்கு விற்பது பழைய வியாபார உத்தி.

நிலையைக் குறிக்க ஜெர்மானியர் ரோமன் எண்களைப் பயன்படுத்துவார்கள்: ஒன்று என்றால் புத்தம் புதியது, எண் கூடக்கூடத் தேய்ந்தது. ‘காசென்ஃப்ரிஷ்’ என்றாலும் புதியது என்றே பொருள், சுருக்கமாக ‘கே.எஃப்.ஆர்.’ என்று எழுதுவார்கள். காலத்தைப் பிரித்தது இங்கே பயன்படும். படத்தொகுப்பு என்றால் புதுநிலை தவிர வேறெதையும் வாங்காதீர்கள். அவை கைமாறாதவை, மடிந்த பிரதிக்கு மதிப்பே இல்லை. 1914 தாள் என்றால் மடிப்புடன் வாங்கத் தயங்காதீர்கள். முத்திரையும் கையெழுத்தும் தெளிவாக இருக்கிறதா என்பதே அங்கே முக்கியம். நூறாண்டு கடந்தும் மொறுமொறுவென்று இருக்கும் 1914 தாளைப் பார்த்தால், புழக்கத்துக்கு வராமல் அலுவலகத்தில் மீந்த தாளா, பிற்பாடு அடித்ததா என்று இருமுறை யோசிக்க வேண்டும். கையெழுத்தோ முத்திரையோ இல்லாமல் மீந்தவை பட்டியலில் தனி எண்ணில் இருக்கும்.

ஆறாம் படி: போலியைச் சோதிப்பது

ஒரு யூரோத் தாளைப் போலி செய்து யாருக்கும் லாபமில்லை. ஆபத்து நான்கு இடங்களில்: ஈய எழுத்தில் கோத்த எளிய 1914 தாள்கள், விலை கூடிய தொகுப்புகளின் நிறப் பிரதிகள், பின்னால் சேர்த்த முத்திரைகள், மேலச்சுகள் (அச்சான தாளின்மேல் மறுபடி அடித்தவை). கடைசியாகச் சொன்னதில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 1923-ன் பணவீக்கத் தாள்களின் பின்பக்கத்தில் யூத வெறுப்புப் பிரச்சாரம் அடித்தவை அந்தக் காலத்திலேயே உண்மையாக இருந்தன. அதற்கு விலை கிடைப்பதால் சாதாரணத் தாளின்மேல் இன்றும் அடித்து விற்கிறார்கள். தாள் உண்மை, மேலச்சு பொய். நிபுணரின் சான்று இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

சோதனையை லென்ஸில் தொடங்குங்கள். ஈய எழுத்து அச்சில் எழுத்தின் விளிம்பில் மை சற்றே திரண்டு நிற்கும், பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். கல்லச்சில் வண்ணம் தட்டையாக, ஒரே பரப்பாக இருக்கும். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்போல ஒழுங்காகச் சுழன்று நின்றால், அல்லது மை நார்களில் ஊறித் தூவினாற்போல் இருந்தால், அது இன்றைய அச்சு. அக்காலத்திலும் சில தாள்களில் ஒற்றை நிறப் புள்ளியச்சு உண்டு. புள்ளி இருப்பதாலேயே தள்ளிவிட வேண்டாம்.

அடுத்தது புற ஊதா டார்ச், இருட்டறையில். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிரும் வேதிப்பொருள்கள் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான் புழக்கத்துக்கு வந்தன. 1914-23 தாள் மங்கலாக, பழுப்பாகவே இருக்க வேண்டும். டியூப்லைட் போல நீலவெண்மையாகப் பளிச்சிட்டால் சந்தேகம். ஒரு விதிவிலக்கு உண்டு. யாரோ சலவைத்தூளில் கழுவிய உண்மையான தாளும் ஒளிரும், ஏனென்றால் அந்தத் தூளிலும் அதே பொருள் இருக்கிறது. அப்படியானால் தாள் போலியில்லை, ஆனால் கழுவியது. அதற்கும் விலை குறைத்துத்தான் கேட்க வேண்டும். மினுப்புப் போய்த் துவண்டிருப்பதும் மை வெளிறியிருப்பதும் கழுவியதன் மற்ற அடையாளங்கள்.

முடிவில் அளவு. பட்டியல் அளவைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறுவது அந்தக் கால வெட்டில் சகஜம். நான்கு ஓரமும் சமமாகக் குறைந்திருந்தால் கிழிந்த ஓரத்தை யாரோ வெட்டிச் சீராக்கியிருக்கிறார்கள்.

ஏழாம் படி: நம் ஊர்க் காற்றில் பாதுகாப்பது

போர்க்காலக் காகிதம் மட்டமான மரக்கூழ். அதன் உள்ளேயே அமிலம் இருக்கிறது; தானாகப் பழுத்து ஒடியும். ஜெர்மனியின் உலர்ந்த குளிரில் நூறாண்டு தாங்கியது சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மழைக்காலத்தில் பூஞ்சைப் புள்ளி பிடித்துவிடும்.

பிவிசி உறை முதல் எதிரி. திறந்தவுடன் புது மழைக்கோட்டு வாசம் வந்தால் அது பிவிசி. அதிலிருந்து கசியும் பொருள் தாளைப் பிசுபிசுப்பாக்கி மையைத் தூக்கிவிடும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையாகப் பார்த்து வாங்குங்கள். லேமினேட் செய்வது தாளைக் கொல்வதற்குச் சமம்; அதைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. செல்லோடேப், இஸ்திரிப்பெட்டி, அழிரப்பர் மூன்றும் வேண்டாம். சுருண்ட தாளை இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஒரு வாரம் அடுக்கினால் படிந்துவிடும்.

ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள்; மழையில் அந்தச் சுவர்தான் முதலில் ஈரம் காக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தாள் மொறுமொறுத்து மடிப்பில் உடையும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள், சூடாக்கி உலர்த்தினால் நிறம் திரும்பும். இராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடும் வழக்கம் இங்கே கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். வசம்பும் வேப்பிலையும் துணிப்பையில் கட்டி அலமாரியின் மூலையில் இருக்கட்டும், ஆல்பத்துக்குள் வைத்தால் எண்ணெய்க் கறை படியும். மாதம் ஒருமுறை ஆல்பத்தைத் திறந்து பக்கங்களைப் புரட்டுவது எந்த மருந்தைவிடவும் நல்ல காவல்.

பழைய சேகரிப்புகளிலிருந்து வரும் தாள்களின் பின்பக்கத்தில் பசைத்தாள் ஒட்டின மிச்சம் இருக்கும். பிய்க்க முயன்றால் மேல்தோல் உரிந்துவிடும். அப்படியே விட்டுவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசியோ கிளிப்போ இருந்தால் மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். கம்பியை நிமிர்த்தித் தளர்த்தி எடுங்கள், இழுக்கக் கூடாது.

எட்டாம் படி: பதிவேடு

தாள் வந்த அன்றே எழுதுங்கள். ஊரின் பழைய பெயர், இன்றைய பெயர், வெளியிட்டவர், மதிப்பு, தாளிலுள்ள தேதி, காலக்கெடு, பட்டியல் எண், நீர்க்குறி, வரிசை எண், நீள அகலம், நிலை, விற்றவர், விலை, வாங்கிய நாள். இரு பக்கத்தையும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து அதே எண்ணில் சேமித்துவிடுங்கள். பிறகு அடையாளம் காண ஒவ்வொரு முறையும் தாளை வெளியே எடுக்க வேண்டியிராது. தாளின்மேல் எதுவும் எழுதக் கூடாது. குறிப்பைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உறையில் தாளுக்குப் பின்னால் வையுங்கள். பால்பாயிண்ட் மை நம் வெக்கையில் ஊர்ந்து தாளுக்குப் போய்விடும். அடையாளம் தெரியாத தாள்களுக்குத் தனி உறை ஒன்று வைத்து, சீட்டில் கேள்விக்குறியும் நீங்கள் வாசித்த இரண்டு மூன்று ஊர்ப்பெயர்களும் குறித்துவிடுங்கள். ஃப்ராக்டூர் எழுத்து கண்ணுக்குப் பழகிய பிறகு அந்த உறையைத் திறந்தால், ‘எஃப்’ என்று நினைத்தது ‘எஸ்’ ஆக, ஊர் தானாக வெளிவரும்.